முழங்காலால் அளந்த பெஞ்சுகள்

நகராட்சிக் கொத்தனாரான நெட்டை மேஸ்திரி அளவுநாடாவைத் தொட்டவரல்லர். தம் முழங்காலின் மடிப்பில் கட்டைவிரலை வைத்துக் குறிப்பார். அதுவே பெஞ்சின் உயரம். கருங்கல் பலகை கிடத்திய காலத்திலும், மரச்சட்டம் பூட்டிய காலத்திலும், சிமென்ட்டில் வார்த்த காலத்திலும் பொருள் மாறிற்றேயன்றி உயரம் மாறவில்லை. மேஸ்திரியோ விளக்குக் கம்பம்போல் வளர்ந்தவர். ஆகவே முப்பது ஆண்டுகளாக ஊரார் காலைத் தொங்கவிட்டே அமர்ந்தனர். ஒருவரும் குறை சொன்னதில்லை, அவர் மனைவியைத் தவிர.

“ஊரையே தொட்டில் பிள்ளையாக்கிட்டீங்க” என்பார் அவர். மேஸ்திரி சிரித்துக்கொள்வார்.

இவ்வாண்டு மனைவியின் முழங்கால் வீங்கிற்று. நாள்தோறும் பூங்கா வரை நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார் மருத்துவர். இரண்டு நாள் நடந்தவர் மூன்றாம் நாள் மறுத்துவிட்டார்.

“நடக்க நான் பயப்படலைங்க. நடுவுல உக்காரணுமே. உங்க பெஞ்சுல ஏறினா உயிர் போகுது, எறங்க ஆள் வேணும்.”

அன்று மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவ்வாரமே பூங்கா வழிக்கு நான்கு எஃகுப் பெஞ்சுகள் வந்திறங்கின. குழி தோண்டி அவற்றின் கால்களைக் கான்கிரீட்டில் இறுக்க வேண்டும். காலையில் மேஸ்திரி ஒரு நூலோடு மனைவியின் காலடியில் அமர்ந்தார்.

“இந்த வயசுல என்ன, கொலுசுக்கு அளவா?”

“பேசாம காலை நேரா வை.”

குதிகால் முதல் முழங்கால் மடிப்பு வரை நூலை இழுத்து முடிச்சிட்டார். அம்முடிச்சளவுக்கே நான்கையும் இறக்கினார். நகராட்சி தந்த வரைபடம் வழக்கம்போல் சட்டைப்பையில் மடிந்தே கிடந்தது. கான்கிரீட் இறுகிய பிறகுதான் அச்சம் வந்தது: வேலையைப் பார்வையிட வரும் பொறியாளர் அம்மாள் ஒப்பாவிடில் எல்லாவற்றையும் உடைக்க நேரும்.

மூன்றாம் நாள் அம்மாள் நாடாவோடு வந்தார். முதற்பெஞ்சை அளந்தார்; நம்பாமல் மீண்டும் அளந்தார்.

“மேஸ்திரி, இதை நீங்கதான் வெச்சீங்களா?”

“ஆமாம்மா. கொஞ்சம் தாழ்வாத்தான்...”

“பதினேழு அங்குலம். வரைபடத்துலயும் அதான் இருக்கு. உங்க பெஞ்சு காகிதத்தோட ஒத்துப்போறது இதான் முதல் தடவை. எதை வெச்சு அளந்தீங்க?”

“எங்க வீட்டு அதிகாரியை வெச்சும்மா.”

அன்று மாலை மனைவி மூன்றாம் பெஞ்சில் அமர்ந்தார். இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தன. அருகில் அமர்ந்த மேஸ்திரியின் முழங்கால்கள் மார்புக்கு ஏறி நின்றன.

“வெட்டுக்கிளி மாதிரி இருக்கீங்க.”

“முப்பது வருஷம் நீ தொங்கினே. இனி நான் மடங்கறேன்.”

மனைவி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துத் தாமாகவே எழுந்தார். “இன்னொண்ணு இருக்குதில்ல? அதுலயும் உக்காந்து பாத்துட்டு வந்துடலாம்” என்று முன்னே நடந்தார்.