முன்னிலை கிடைத்தால் மட்டும்

என் மகன் ரைனெல் இப்போது பானி நகரத்துச் சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான். அதற்கு முன் பேஸ்பாலில் பந்து எறிந்தான். அந்தக் காலத்தைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வதால், நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

அவனுடைய கை மெதுவாகச் சூடேறும் கை. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் இரண்டில் யார் வேண்டுமானாலும் அவன் பந்தை அடிக்கலாம். நான்காவதில் மட்டை காற்றைத்தான் வெட்டும். ஆகவே ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் எறிய வேண்டியவன் அவன் என்பது என் வாதம். பயிற்சியாளர் தெயோதோரோ அதை ஏற்கவில்லை. கடைசி இன்னிங்ஸில் மட்டும் இறங்கி, அணி எடுத்த முன்னிலையைக் காப்பாற்றுபவனாக அவனை ஆக்கினார்.

"முதல்ல இறக்கிப் பாருங்க மாஸ்டர்."

"உங்க புள்ள சூடாகுற வரைக்கும் எவன் வெயில்ல உக்காந்திருப்பான்? நீங்க பைக் டாக்ஸிய ஓட்டுங்கண்ணே, பையன நான் ஓட்டுறேன்."

மைதானத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ரைனெலும் சிரித்தான்.

தெயோதோரோவுடன் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் இன்னும் என்னிடம் உள்ளது. சாப்பாடு, தங்கும் இடம், பையனை ஓர் அணி எடுத்தால் அவருக்குச் சேரும் கமிஷன் எல்லாம் அதில் உண்டு. எந்த இன்னிங்ஸில் எறிவது என்பதை யார் தீர்மானிப்பது என்று ஒரு வரி இல்லை. அப்படி ஒரு வரியை இங்கே எந்தத் தகப்பனும் கேட்டதில்லை.

அமெரிக்க அணி ஒன்றுக்கு ஆளெடுப்பவர்கள் வந்த நாளில் அவன் பதினெட்டை நெருங்கிக்கொண்டிருந்தான். எங்கள் தீவில் பையன்கள் பதினாறிலேயே அமெரிக்க அணிகளுக்கு விலைபோகிறார்கள். இன்னொரு வாய்ப்பு வராது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

எங்கள் அணி தொடக்கத்திலேயே பின்தங்கியது. ரைனெல் வேலியோரம் எறிந்து எறிந்து கையைச் சூடாக்கினான். கடைசி இன்னிங்ஸிலும் இரண்டு ஓட்டம் குறைவு.

"இப்பவாவது இறக்குங்க மாஸ்டர். அவங்க கெளம்பிருவாங்க."

"தோக்குற ஆட்டத்துல இறக்குனா மிச்சம் மீதிய அள்ளுறவன்னு முடிவு கட்டிருவாங்கண்ணே. வெல பாதியாயிரும். பேசாம இருங்க."

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். நான் மகனிடம் ஓடினேன்.

"நீயே போய்க் கேளுடா."

"முடிச்சுக் குடுக்குறவன் தோக்கும்போது எறங்க மாட்டான்ப்பா. அதான் முறை."

அவன் எறிந்த பந்து கையுறையில் விழுந்த ஓசைக்கு, ஆளெடுக்க வந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்போது அவர் ஜீப்பின் கதவைத் திறந்திருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கு அணிக்காக ரைனெல் ஆடுகிறான். அங்கே தெயோதோரோ இல்லை, ஆளெடுப்பவர்களும் இல்லை. சென்ற வாரம், ஆட்டத்தைத் தொடங்கி எறிபவன் வராததால் அணித்தலைவர் இவனிடம் பந்தை நீட்டினார்.

"நான் கடைசில எறியுறவன்ண்ணே," என்று சொல்லிவிட்டு வேலியோரம் போய் உட்கார்ந்தான்.

அணி தோற்றது. அவன் கை சூடாகாமலே வீடு திரும்பினான்.