சாகாத முட்டைகள்

மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு உள்ளே ஒரு பல்பை எரியவிட்டால் முட்டை பார்க்கும் பெட்டி ரெடி. ஓட்டைமேல் முட்டையை வைத்தால் ஓடு சிவக்கும். உள்ளே நூல் நூலாக ரத்தக்குழாய், நடுவில் துடிக்கிற ஒரு புள்ளி. துடிப்பு நின்றால் கரு காலி. யுத்தம் முடிந்தும் எங்கள் லாபரட்டரி ஜன்னலில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒட்டிய கறுப்புக் காகிதத்தை யாரும் கிழிக்கவில்லை. பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. பி.எஸ்ஸி. முடித்த கையோடு நான் ஒரு புரொபசரிடம் போய் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கோழிகளைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் வைரஸை நிலவேம்புச் சாற்றோடு கலந்து, கரு வளரும் முட்டைக்குள் ஊசியால் ஏற்றுவோம். கரு பிழைத்தால் சாறு வேலை செய்கிறது. சில முட்டைகளுக்கு வெறும் வைரஸ் மட்டும். அவை செத்தே ஆகவேண்டும். செத்தால்தான் மற்றதை நம்பலாம்.

மாதுங்காவில் எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லுக்கே தடை. அம்மா வாசலிலேயே மறிப்பாள். "கோழி வாடை குடலைப் புடுங்கறதுடா. குளிச்சுட்டு உள்ள வா."

முட்டை தாராவியிலிருந்து வந்தது. தோல் பதனிடும் கொட்டகைக்குப் பின்னால் திருநெல்வேலிக்கார அக்கா ஒருத்தி கோழி வளர்த்தாள். முட்டை விற்றுத்தான் அவள் வீட்டில் உலை வைத்தார்கள்.

"ஐயரூட்டுப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டு முட்ட? களவாண்டு அவிச்சுத் திங்கியளோ?"

"கழிச்சலுக்கு மருந்து தேடறோம்க்கா."

அவள் சிரிப்பு நின்றது. "நெசமாவா? பக்கத்துச் சந்துல வந்துட்டு, தம்பி. நான் இப்பந்தான் புதுசா கோழி வாங்கி விட்டிருக்கேன். மருந்து கெடச்சா மொதல்ல எனக்கு. சொல்லிட்டேன்."

சாறு கலந்த முட்டைகள் எல்லாம் பிழைத்தன. "அடிச்சோம்டா!" என்று புரொபசர் என் முதுகில் அறைந்தார். வெறும் வைரஸ் போட்ட முட்டையை எடுத்துப் பெட்டிமேல் வைத்தேன். துடித்தது. அடுத்ததும் துடித்தது. செத்ததைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். உயிரோடிருப்பதைப் பார்த்துப் பயந்தது அன்றுதான்.

புரொபசர் குரல் இறங்கியது. "அந்தக் கோழிகளுக்கு முன்னாடி கழிச்சல் வந்ததான்னு கேட்டுண்டு வா."

"வந்துச்சே, போன மழைக்கு. முக்காவாசி போயிட்டு. தப்பிச்சது இதுகதான். இப்ப முட்ட போடுறதும் இதுக மட்டுந்தான்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். நோயில் பிழைத்த கோழி தன் முட்டைக்குள்ளும் எதிர்ப்பை வைத்துவிடுகிறது. நிலவேம்பு ஒன்றும் கிழிக்கவில்லை. நோயே காணாத கோழிகளின் முட்டையை வேறிடத்தில் வாங்கி மறுபடி செய்தோம். சாறு கலந்தது, கலக்காதது எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

இதைச் சொல்லப் போனபோது கழிச்சல் அவள் கோழிக் கொட்டடிக்கும் வந்திருந்தது. பழைய கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றின் காலடியில் புதுக் கோழிகள் கழுத்து முறுக்கி, அலகு வானத்தைப் பார்க்க, உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தன.

"மருந்து எங்க தம்பி?"

எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் பழைய கோழிகளைக் காட்டினாள். "அப்ப மருந்து இதுக ஒடம்புக்குள்ள இருக்குல்லா? அத எடுத்து அதுகளுக்கு விடத் தெரியாதா ஒங்களுக்கு? இம்புட்டுப் படிச்சியள்லா?"

தெரியாது என்றேன். புதுக் கோழி ஒன்றை அவள் மடியில் தூக்கி வைத்து, திருகிய கழுத்தை மெல்ல நேராக்கினாள். கையை எடுத்தாள். கழுத்து மறுபடி மெதுவாகத் திரும்பி, என் பக்கமாக வந்து நின்றது.