பக்கத்து வீட்டு ஆறு பிள்ளைகள்

மலாயாவில் லாபிஸ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். கூலிக்காரர்களுக்குக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு வீடு. அடுத்தது அந்த அக்கா வீடு. அவளுக்கு ஆறு பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் ஒன்றுகூட இல்லை. அவள் நல்லவள்தான், குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். ஆனாலும் அவளைக் கண்டால் எனக்கு ஆகாது.

ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் அது. காட்டை அழித்து அழித்து மரம் நட்டார்கள்; எத்தனை ஆள் வந்து இறங்கினாலும் வேலை இருந்தது. விடியற்காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும்போது அவள் குடும்பமே ஒரு வரிசையாக நிற்கும். பெரிய மூன்றும் புல் வெட்டின. சின்னதுகள் மரத்துக்கு மரம் ஓடிக் கோப்பையில் ஒட்டிய கட்டிப்பாலை உரித்துக் கொடுத்தன. நானும் என் வீட்டுக்காரரும் பாதி மரங்களைத் தாண்டுவதற்குள் அவர்கள் பால் வாளியோடு ஸ்டோருக்குப் போய்விடுவார்கள். அவள் மாடு வாங்கினாள். காதுக்குக் கல் தோடு போட்டாள்.

"புள்ளைங்க இருக்கிற வீடுதான் முன்னுக்கு வரும்," என்று கங்காணி என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். பாவி மனுஷன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பாதித் தோட்டத்தில் பால் வெட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆட்களைக் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். எங்கள் இரண்டு வீட்டில் ஒன்று போயாக வேண்டும் என்று கங்காணி என் வாசலில் வந்து நின்றார். ஊரில் எங்களுக்கு நிழலுக்கு ஒதுங்கக்கூட இடம் கிடையாது.

"அவங்கள வச்சிக்கிட்டா எட்டுப் பேருக்கு அரிசி குடுக்கணும். நாங்க ரெண்டே பேரு. நீங்களே யோசிச்சுப் பாருங்க கங்காணி," என்றேன். நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். தெரிந்தே உரக்கச் சொன்னேன்.

அக்கா குடும்பத்தை வழியனுப்ப லாபிஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். மாட்டை விற்றாகிவிட்டது; தோடும் அவள் காதில் இல்லை. கடைக்குட்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, ஊர்ல சாப்பாட்டுக்கே கஷ்டம்னு சொல்றாங்க. இவன மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்களேன்."

அவள் பையனை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேலைய வாங்கிக்கிட்ட. புள்ளையும் வேணுமா ஒனக்கு?"

ரயில் நகர்ந்தது. ஒரே ஜன்னலில் ஆறு தலைகள் முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தன. பிழைப்பில்லாமல் போகிறவள் அவள். மறுநாள் அவள் மரங்களிலும் சேர்த்துப் பால் வெட்டப்போகிறவள் நான். அப்போதும் அவளைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.