ஜமீலாக்கா கேட்ட முடிவு

உலகத்தில் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் மைலாப்பூருக்கு வந்து, ஜமீலுன்னிசா அக்கா வீட்டு வாசலில் வரிசையில் நின்று, படத்தை எப்படி முடிப்பது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். கேட்காததால்தான் சினிமா இந்த நிலைமையில் கிடக்கிறது. இத்தனைக்கும் அக்கா எந்தப் படத்தையும் பார்த்தவர் இல்லை. தி.நகர் கடைகளிலிருந்து வரும் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறார். கண் ஊசியில் இருக்கும், காது செல்போனில். படம் ஏற்றிக் கொடுப்பது பக்கத்து வீட்டு நான். பத்தாவதில் கணக்கு ஊற்றிக்கொண்டதிலிருந்து செல்போன் கடையில் இருக்கிறேன்.

கடைசிப் பத்து நிமிஷத்தை வெட்டிவிட்டுக் கொடுத்து அக்காவைத் தவிக்கவிடுவது என் பொழுதுபோக்கு. முடிவு தெரியாமல் அவருக்குத் தையல் ஓடாது. அவன் செத்தானா பொழைச்சானா, சொல்லித் தொலைடா என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சுவார்.

ஒருநாள் தைக்கக் கொடுத்திருந்த புடவையை வாங்க வந்த மதுமதி, காலேஜில் படிக்கிறவள், முடிவு சொல்லாத படம்தான் உசத்தி என்று பாடம் எடுத்தாள். முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறார்களாம். அது நமக்குத் தருகிற மரியாதையாம்.

"எங்கைல விட்டா நான் இன்னாம்மா பண்றது?" என்றார் அக்கா. "செத்தா செத்தான்னு சொல்லணும். வந்தா வந்தான்னு சொல்லணும்."

மதுமதிக்கு அஃப்தாபைத் தெரியாது. அக்காவின் ஒரே பையன். கிண்டிக்கு வேலைக்குப் போனவன், மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. போலீஸிலும் தகவல் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. போன வாரம் அக்காவின் அண்ணன் அப்துல் கஃபார் வந்து, காத்திருந்தது போதும், வெள்ளிக்கிழமை அவன் பேரில் ஃபாத்திஹா ஓதிவிடலாம் என்றார். செத்தவர்களுக்காக ஓதுவது அது. அன்றைக்கு அக்கா படம் கேட்கவில்லை.

நான் ஒரு படம் தேடிப் பிடித்தேன். காணாமல் போன மகனுக்காக ஒருத்தி காத்திருப்பாள். கடைசியில் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான் படம். கடையில் உட்கார்ந்து அதற்கு ஒரு வால் ஒட்டினேன். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பதிவு செய்தேன். "அம்மா, நான்தாம்மா" என்று என் குரலையே கொஞ்சம் கனமாக்கிச் சேர்த்தேன். திரையைப் பார்க்காத ஆளுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா அதைக் கேட்டார். கதவு தட்டுகிற இடத்தில் ஊசி நின்றது. படம் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பாலா, அந்தப் பையனுக்கும் உன்ன மாதிரியே சளி புடிச்சிக்கினு கீதே."

நான் மூக்கை உறிஞ்சாமல் அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு ஓதிடுன்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்டா" என்றார், புடவையை மடித்துக்கொண்டே. "நீ பேசறது வேணாம். கதவு தட்டறத மட்டும் இன்னொரு தபா போடு."