கிராபிக்ஸ் கார்டு வாங்க உட்கார்ந்த நாள்

கடைக்காரர்களிடம் எனக்குப் பேச வராது. மளிகைக் கடையில்கூடக் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, கடைசியில் மெதுவாகக் கேட்டு வாங்குகிறவள் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே வயசாகிவிட்டது. அப்படிப்பட்டவள் ஊட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அடம்பிடித்து உட்கார்ந்தேன். அதற்காக எனக்கு இன்றுவரை வெட்கமில்லை.

என் மருமகள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் மெஷின் படம் வரைகிறாள். குன்னூரில் டீ ஃபேக்டரிகளுக்கு மெஷின் செய்து தரும் பட்டறை ஒன்று அவளுக்கு வேலை கொடுக்கிறது. தனித்தனிப் பாகமாக வரைகிறவரை ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சேர்த்து முழு மெஷினாகத் திருப்பிப் பார்க்கும்போதுதான் படம் அப்படியே நின்றுவிடும். இலை காயவைக்கும் டிரையரை முழுசாக வரைந்து தரச் சொல்லியிருந்தார் பட்டறைக்காரர். "இந்த மாசக் கடைசிக்குள்ள வரலீன்னா கோயமுத்தூர்ல குடுத்துக்கறேம்மா" என்றும் சொல்லிவிட்டார். அவள் வாங்கியிருந்தது ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர். அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்றாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நானும் அவளும் பஸ்ஸில் போனோம். பக்கத்துச் சீட்டுக்காரி, "கொழந்தைங்களா?" என்று கம்பளியை விலக்கிப் பார்த்தாள். "கம்ப்யூட்டருங்க" என்றேன். "அதுக்குமா குளுருது?" என்று சிரித்தாள்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஒரு முழம் நீளக் கார்டு. இரண்டு ஃபேன், நீலமும் சிவப்புமாய் லைட்டு.

"கேம் வெளையாடற பசங்க எல்லாரும் இதாங்க வாங்கறாங்க" என்றார்.

"எனக்குக் கேம் வேண்டாமுங்க, டிராயிங்குக்குத்தான். இது என் பெட்டிக்குள்ள நொழையாது. பவர் சப்ளையும் தாங்காது" என்றாள் மருமகள்.

"பெட்டியையும் மாத்திடலாமுங்க."

"அதுக்குக் காசில்லைங்க. எங்க லைன் வீடுகள்ல சாயங்காலமானா எல்லாரும் ஹீட்டர் போட்டு லைட்டே மங்கிப் போயிருது. கரண்டு கம்மியா இழுக்கற சின்னக் கார்டு குடுங்க. என் டிராயிங்கை ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கறேன்."

அவர் முகம் மாறியது. "அதெப்படிங்க, ஒவ்வொண்ணா மாட்டி, சாஃப்ட்வேர் ஏத்திப் பாக்கறதுன்னா பாதி நாள் போயிரும். புடிச்சத வாங்கிட்டுப் போங்க. பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்."

மருமகள் என்னைப் பார்த்தாள். கிளம்பிவிடலாம் என்பதுபோல் பெட்டியைத் தூக்கப் போனாள். அவளும் என்னைப்போல் சட்டென்று வாயடைத்துப் போகிறவள்தான். நான் பெட்டியின் மேல் கையை வைத்தேன்.

"அம்மா, உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்றார் கடைக்காரர்.

"புரியாதுங்க. அதனாலதான் கண்ணால பாக்கோணுங்கறேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பேச வராவிட்டாலும் உட்கார எனக்குத் தெரியும். ஒருமுறை எஸ்டேட்டில் இலையில் ஈரம் ஈரம் என்று சொல்லி எடையைக் கண்டபடி குறைத்தார்கள். எங்கள் முன்னால் தராசில் நிறுத்துச் சொன்னால்தான் ஆச்சு என்று எல்லாரும் இலை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டோம். யாரும் கத்தவில்லை. மூட்டைக்குள் இலை சூடேறிக்கொண்டிருந்தது. இலை கெட்டுப்போகும் என்ற பயத்தில் அவர்களே தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கடையில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. "என்னங்க பாட்டி, ரிப்பேருங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஓட்டிக் காட்ட மாட்டேங்கறாருங்க" என்றேன். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னேன். மருமகள் குனிந்து, "அத்தை, போதுங்க" என்றாள். "நீ உக்காரு அம்மிணி. உன் வேலைக்கு வாங்கறது, நீ பாக்காம வாங்குவியா?"

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "எந்திரிங்கம்மா, பெட்டியக் குடுங்க." பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஸ்டூலை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் மாட்டியது புதுசு, பளபளவென்று அட்டைப்பெட்டியில் இருந்தது. டிரையர் பாதி திரும்பி நின்றது. "மெமரி பத்தலைங்க" என்றாள் மருமகள். இப்போது அவள் குரல் தணியவில்லை. "டிராயிங் வேலைக்குன்னே வர்ற பழைய கார்டு ஏதாச்சும் இருக்குங்களா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். அதற்கு அட்டைப்பெட்டி இல்லை, லைட்டு இல்லை. ஒரே ஒரு சின்ன ஃபேன், அதிலும் தூசி. "யாரோ ஆபீஸ்ல கழட்டுனது. மாசக்கணக்கா கெடக்குது. இதப் போய் யாருங்க வாங்குவாங்க" என்றபடி மாட்டினார்.

டிரையர் திரும்பியது. மேலிருந்து, பக்கவாட்டில், அடியிலிருந்து, எங்கும் நிற்கவில்லை. மருமகள் மவுஸைப் பிடித்து, படத்தில் டிரையரின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே தட்டுகள் வரிசையாக நகர்ந்தன. அத்தனை வருஷம் இலை பறித்துக் கொடுத்தும் டிரையருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. எடை போடும் இடத்தோடு எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த உள்பக்கம் ஊட்டிக் கடையில், என் மருமகள் கையால் வரைந்ததாக, என் முன்னால் திரும்பிக்கொண்டிருந்தது.

"இதே குடுங்க" என்றாள் அவள்.

"பாத்தாச்சு, போதுங்களாம்மா?" என்று கடைக்காரர் மவுஸை வாங்கி ஓரமாக வைத்தார்.

போதும்தான். ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்கா சுத்திக் காட்டுங்க" என்றேன்.