அம்மாவின் கண்ணுக்கு நேரே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் எங்கள் ஆலயத்தில் பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு ஆண்கள் பேசுவது வழக்கம். தாயிடம் அவர் பேசிய மூன்றாம் வார்த்தை எனக்கு.

"தாய் மகனின் முகத்தையே பார்த்து நின்றாள்" என்றேன். அப்போது கரண்ட் போனது. மலைப்பக்க மேகத்தில் ஆலயம் பட்டப்பகலில் இருண்டது.

"மொகம் தெரியாதுய்யா."

பெண்கள் பக்கமிருந்து எஸ்தரின் குரல். கல்குவாரியில் மகனைப் பறிகொடுத்தவள்.

"ஏட்டி, உக்காரு. ஊடால என்ன பேச்சு?" என்றார் சபைச் செயலாளர். போதகர் அவரைக் கையமர்த்தினார்.

"அம்புட்டு உசரத்துல மொகம் எங்க தெரியும்? அம்மாக்காரி கண்ணுக்கு நேரா இருக்கது காலுதான். எம்பிள்ளைய மூடிக் கொண்டாந்தாவ. கால் மட்டும் வெளிய கெடந்துச்சி. சின்ன வெரலப் பாத்தேன், அவந்தான்னு தெரிஞ்சிட்டு. பொறவு மொகத்தைப் பாக்க விடல."

மைக் இல்லாமலே அது கடைசி பெஞ்சு வரை கேட்டது. இருட்டில் யார் முகமும் தெரியவில்லை. வாசல் வழியே தரையில் விழுந்த மங்கல் வெளிச்சத்தில், செருப்பை வெளியே விட்டு வந்த கால்கள் மட்டும் வரிசையாக வெளுத்துத் தெரிந்தன. எல்லோரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரண்ட் வந்தது. "நீங்க பேசுங்கய்யா" என்றாள். நான் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

மறு வருடம் மூன்றாம் வார்த்தைக்கு எஸ்தரையே அழைத்தார் போதகர்.

அந்த வசனத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அங்கே நின்றவளின் உயரத்திலிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கள் ஆலயத்துச் சிலுவை வெறும் மரம்தான். இப்போதும் அதைப் பார்க்கும்போது என் பார்வை பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. அங்கே இரண்டு பாதங்கள் தெரிகின்றன.