கழற்றிப் பார்க்கும் மாப்பிள்ளை

வாயை ஆவென்று திறந்து, உள்ளே டார்ச் அடித்து, குளியலறைக் கண்ணாடியில் தன் நாக்கைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார் லிப்ட் மெக்கானிக். வெளியே மனைவி கதவைத் தட்டுகிறாள். "இருடி, நாக்கு அண்ணத்துல எங்க படுதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்!" என்கிறார். அவள் வேலைக்குக் கிளம்ப இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது.

மனைவி பழங்குடிப் பெண். அவளுடைய அம்மாவுக்குத் தங்கள் மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக மாமியாரும் மருமகனும் சிரித்தே காலம் தள்ளிவிட்டார்கள். இப்போது மாமியார் தனிக்கட்டை. மகளோடு வந்து இருக்க ஆசைதான். ஆனால் அவள் வேலைக்குப் போனபின் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது, மாப்பிள்ளை நாலு வார்த்தை பேசட்டும் என்கிறார். ஒரு வாரம் இருந்து பார்க்க வந்திருக்கிறார்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. ஆறு மாதம் முன்பே சனிக்கிழமை தோறும் மொழியியல் அறிமுக வகுப்பில் சேர்ந்தார். மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. பிரிட்ஜ் கதவில் தொண்டையின் குறுக்குவெட்டுப் படம் தொங்குகிறது. வருகிறவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள். அந்த மொழியில் எத்தனை மூக்கொலி என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க மட்டும் வராது.

"தப்பாவே பேசுங்களேன். அம்மா சிரிப்பாங்க, அவ்வளவுதானே."

"கழட்டிப் பாக்காம எப்படி ஓட்டுறது?"

"லிப்டுல ஏறுறவங்க எல்லாம் கழட்டிப் பாத்துட்டா ஏறுறாங்க?"

அவர் உடனே நோட்டைப் பிரித்துவிடுவார்.

மாமியார் வந்த மறுநாளே மாப்பிள்ளை ரெக்கார்டரை அவர் எதிரில் வைத்தார். வகுப்பில் கொடுத்த பட்டியலில் முதல் வினைச்சொல் 'அடி'. அவன் அவளை அடித்தான், நேற்று அடித்தான், நாளைக்கும் அடிப்பான். இதெல்லாம் உங்கள் பாஷையில் எப்படி என்று மனைவி மூலம் கேட்டுக்கொண்டே போனார். முப்பது நாற்பது அடி விழுந்ததும் மாமியார் எழுந்து, மகளின் சட்டைக் கையைத் தூக்கித் தழும்பு தேடினார்.

"உங்களைப் பத்திப் போலீஸ்ல சொல்லலாமான்னு அம்மா கேக்குறாங்க."

"அதை அவங்க பாஷையில எப்படிச் சொன்னாங்க?"

கடைசி நாள் காலை, மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இருப்பதா கிளம்புவதா என்று முடிவாகாமல் மாமியாரின் பை கட்டிலில் திறந்து கிடந்தது. பாதித் துணி வெளியே எடுத்து மடித்து வைத்திருந்தது, பாதி இன்னும் உள்ளே. மாப்பிள்ளை அறைக்குள் வந்ததும் மாமியார் தாமாகவே, மெதுவாக, ஒன்று கேட்டார். சாப்பிட்டாயா என்று.

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது! ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் நேரே நெஞ்சுக்குள் இறங்கியது. 'சாப்பிட்டேன்' என்பதும் தெரியும். இரண்டாம் நோட்டில் இருக்கிறது. முகமெல்லாம் பல்லாகப் பேனாவைத் திறந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு," என்றார் மனைவியிடம். "முடியிற இடத்துல குரல் ஏறுது பாரு!"

மாமியார் மகளைப் பார்த்தார். பிறகு மடித்த துணிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.